கசடு நிலையம் வந்த பிறகும் ஏரிக்குள் சாக்கடை ஏன் விழுகிறது?

கேள்வி – 2 பிப்ரவரி 2025

எங்களுடையது ஏறத்தாழ 20,000 பேர் வாழும் பேரூராட்சி. ஊருக்கு வெளியே கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் திறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. செப்டிக் டேங்க் லாரிகள் ஒழுங்காக அங்கேதான் போகின்றன. ஆனாலும் ஏரியில் விழும் வாய்க்கால் முன்பு எப்படிக் கறுப்பாக ஓடியதோ அப்படியேதான் ஓடுகிறது. நிலையம் வேலை செய்யவில்லையா, இல்லை பாதாள சாக்கடை வந்தால்தான் தீருமா? கட்சி பேசாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 2 பிப்ரவரி, இரவு

நிலையம் சரியாகவே வேலை செய்து, வாய்க்காலும் கறுப்பாகவே ஓடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

உங்கள் ஊரில் 5,000 வீடுகள் என்றும், வீட்டுக்கு 3,000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி என்றும், அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால், நாளொன்றுக்கு நிலையத்துக்குப் போகும் கசடு சுமார் 17,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் கொள்ளும் லாரியில் மூன்று. மறுபுறம், பாதாள சாக்கடை இல்லாத ஊருக்குத் தலைக்கு 70 லிட்டர் என்ற அளவில் குடிநீர் வழங்குகிறார்கள் என்றும், அதில் எண்பது விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்றும் கொண்டால், 20,000 பேரிடமிருந்து நாள்தோறும் வெளியேறுவது 11,20,000 லிட்டர். லாரியில் போவது இதில் ஒன்றரை விழுக்காடு. எஞ்சியதெல்லாம், அதாவது குளித்த நீர், துணி துவைத்த நீர், அடுப்படி நீர், செப்டிக் டேங்கிலிருந்து வழிந்த நீர் அனைத்தும், மண்ணுக்குள் இறங்கியதும் ஆவியானதும் போகத் தெருச் சாக்கடை வழியாக உங்கள் வாய்க்காலுக்குத்தான் வருகிறது. கசடு நிலையம் அந்த நீரைத் தொடுவதே இல்லை. தொடுவதற்காக அது கட்டப்படவும் இல்லை. திறப்பு விழா மேடையில் இதை யாரும் சொல்லாததால், ஏரி தெளியும் என்று ஊர் நம்பிவிட்டது.

3 பிப்ரவரி

“அப்படியானால் அந்த நிலையம் வீண் செலவுதானே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீண் செலவு இல்லை. அளவில் ஒன்றரை விழுக்காடு என்றாலும், குடற்புழு முட்டையில் பெரும்பங்கும், செறிந்து கிடக்கும் நோய்க்கிருமியும் அந்த மூன்று லாரியில்தான் இருக்கின்றன. நிலையம் வருவதற்கு முன்பு அந்த லாரிகள் எங்கே போயின என்பதை நினைத்துப் பாருங்கள். ஏரிக்கரை, ஓடைப் பாலத்தடி, தரிசு, விலை பேசி வாங்கிக்கொண்ட தோப்பு என்று இருட்டிய பிறகு எங்கே ஆள் நடமாட்டம் இல்லையோ அங்கே திறந்துவிட்டார்கள். அது நின்றிருக்கிறது என்றால் அதுவே பெரிய காரியம்.

இந்தியாவில் இதற்கென்றே கட்டப்பட்ட முதல் நிலையங்களில் ஒன்று கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015இல் வந்தது. நாளுக்கு 6,000 லிட்டர்தான் அதன் கொள்ளளவு. தமிழ்நாட்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய பேரூராட்சிகளை முன்மாதிரியாக வைத்து அரசு வேலை செய்தது. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது மாநிலத்தில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அத்தனைக்கும் தனித்தனியே நிலையம் கட்ட முடியாது என்பதால்தான், நான்கைந்து ஊர்களைச் சேர்த்து ஒரு நிலையம் என்ற தொகுப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். தொலைவு கூடினால் லாரிக்காரர் வழியிலேயே கொட்டிவிட்டுப் போகும் ஆசையும் கூடும் என்பது இம்முறையின் பலவீனம்.

3 பிப்ரவரி, சற்றுப் பிறகு

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவருக்கு: லாரி கொட்டும் இடத்தில் முதலில் ஒரு கம்பி வலை இருக்கும். நாப்கின், துணி, பாக்குப் பொட்டலம், குழந்தைகளின் பொம்மை எல்லாம் அதில் சிக்கும். அந்த வலையை நாள்தோறும் ஒருவர் சுரண்டித்தான் ஆகவேண்டும். பிறகு ஒரு தொட்டியில் கசடு அடியில் தங்கும். அதை உலர் படுகையில், மேலே மணலும் கீழே ஜல்லியுமாக இருக்கும் தளத்தின்மீது, ஒரு சாண் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான கனத்துக்கு விடுவார்கள். நீர் மணல் வழியே வடிந்து போகும். நல்ல வெயிலில் பத்துப் பதினைந்து நாளில் மேலே வெடிப்பு விட்டு, ஓரங்கள் சுருண்டு, மண்வெட்டியால் பெயர்த்து எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

அந்த வெடிப்புகளுக்குள்ளிருந்து தக்காளிச் செடி முளைத்து வருவதை முதன்முறை பார்க்கும் எவரும் நின்று பார்க்காமல் போவதில்லை. தக்காளி விதை மனிதக் குடலைக் கடந்தும், தொட்டியில் ஊறியும், வெயிலில் காய்ந்தும் சாகாமல் முளைக்கிறது. நான் பணியில் இருந்தபோது புதிதாக வந்த இளைஞர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். விதையே சாகவில்லை என்றால் புழு முட்டை மட்டும் செத்திருக்குமா என்று அவர்களே கேட்கும்வரை எதுவும் சொல்ல மாட்டேன்.

படுகையிலிருந்து வடியும் நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். கல்வாழையோ நாணலோ நட்ட ஜல்லிப் படுகை வழியாக அது போய், கடைசியில் ஒரு குளத்தில் தங்கிய பிறகே வெளியே விடத் தகுதி பெறும். பார்க்கப் போனால் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பல இடங்களில் கவனிப்பதில்லை. கல்வாழை பூத்திருந்தால் எல்லாம் நலம் என்று பார்வையாளர் நினைத்துக்கொள்கிறார்.

6 பிப்ரவரி

இரண்டு நாளாக எல்லோரும் நிலையத்தைப் பற்றியே பேசுகிறோம். உங்கள் வாய்க்காலின் கறுப்பு தொடங்கும் இடம் வீட்டின் பின்கட்டு.

“எங்கள் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட எடுத்ததில்லை” என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தத் தொட்டிக்கு அடித்தளம் இல்லை, அதனால்தான் நிறையவில்லை. நான்கு உறையை இறக்கி மேலே மூடியைப் போட்டுவிட்டு அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். உள்ளே போவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் நைட்ரேட்டாகவும் கிருமியாகவும் ஏறுகிறது.

அடித்தளம் போட்ட தொட்டியிலும் வேறொரு குறை உண்டு. ஒழுங்கான செப்டிக் டேங்க் என்பது தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறையாகக் கட்டி, வழியும் நீரை மண்ணுக்குள் மெல்ல வடியவிடும் உறிஞ்சு குழிக்கு விடுவது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 இதைத்தான் சொல்கிறது. இடமில்லை என்று உறிஞ்சு குழியை விட்டுவிட்டு, தொட்டியின் வெளிக்குழாயை நேரே தெருச் சாக்கடையில் நீட்டிவிடுகிறார்கள். தொட்டிக்குள் கசடு தங்குகிறதே தவிர, வழியும் நீரில் கிருமி அப்படியே இருக்கும், கரிமச் சுமையிலும் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். எங்கள் தெருவில் அதிகாலையில் சாக்கடையோரம் நடந்து போனால், வீட்டு வரிசைப்படி நான்கு அங்குலக் குழாய்களிலிருந்து கலங்கிய சாம்பல் நிற நீர் விட்டு விட்டு விழுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கழிப்பறைத் தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

தொட்டியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சுவதும், வெளிக்குழாயை உறிஞ்சு குழிக்குத் திருப்புவதும் நடந்தாலே வாய்க்காலின் சுமை கண்கூடாகக் குறையும். தமிழக அரசு 2014இலேயே கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுவிட்டது. ஊரில் எத்தனைத் தொட்டி, எத்தகையது என்ற கணக்கு அதில் முதல் வேலை. அந்தக் கணக்கு உங்கள் பேரூராட்சியில் எடுக்கப்பட்டதா என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள்.

7 பிப்ரவரி

களிமண் நிலத்திலும், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும் ஊரிலும் உறிஞ்சு குழி எடுபடாது. நேற்று எழுதியதை அத்தகைய ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் குழி நிறைந்து எதிர்த்து வரும்.

11 பிப்ரவரி

பாதாள சாக்கடை கேட்பவர்களுக்கு. நான் அதற்கு எதிரி இல்லை. பணத்தைப் புதைத்துவிட்டு நிற்கும் சிறு ஊர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

குழாய்க்குள் மலம் தங்காமல் ஓட, நீரின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டராவது இருக்கவேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். பாதாள சாக்கடை உள்ள ஊருக்குத் தலைக்கு 135 லிட்டர் வழங்கவேண்டும் என்ற விதி இதை மனத்தில் வைத்தே போடப்பட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும் ஊரில், குழியைத் தோண்டி எத்தனை நல்ல குழாய் பதித்தாலும், அது மண்ணும் கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அடைப்பு எடுக்க யாரை அனுப்புவீர்கள்?

அடுத்தது வீட்டு இணைப்பு. முதன்மைக் குழாயை அரசு பதித்துவிடும். வீட்டிலிருந்து அதற்கு இணைக்க வைப்புத்தொகை, உள்வேலைச் செலவு, தளத்தை உடைக்கும் தொல்லை எல்லாம் வீட்டுக்காரருக்கு. பாதி வீடு இணையாது. நான் சில காலம் மேற்பார்த்த ஒரு சிறு நிலையம் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்காகக் கட்டப்பட்டது. வந்தது அதில் கால்பங்குகூட இல்லை. காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்று நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவுக்கு உணவே போதவில்லை. இருந்தும் தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரமான புளோயர் ஓடியாக வேண்டும், மின்கட்டணம் கட்டியாக வேண்டும்.

அங்கே என் கையில் இருந்த ஒரே நம்பகமான கருவி ஒரு லிட்டர் அளவுக் குடுவை. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு அதில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைப்பேன். தொட்டி நலமாக இருந்தால், பழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கி, குடுவையின் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும், வாசனை புதுமழை நனைத்த மண்ணைப் போல இருக்கும். மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல், புளோயர் அரை நாள் நின்ற மறுநாள் அதே குடுவையில் கறுத்த குழம்பு படியாமல் கலங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த உயிர்க்கூட்டம் மீண்டும் திரள வாரக்கணக்கில் ஆகும். டீசலுக்குக் கோப்பு நகர்த்தியவர்களுக்கு இது புரிந்திருக்குமானால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே, சிறிய ஊருக்கு எந்தத் தொழில்நுட்பம் நல்லது என்று கேட்டால், ஒரு வாரம் மின்சாரமும் ஆளும் இல்லாவிட்டாலும் செத்துப்போகாத தொழில்நுட்பம் நல்லது என்பேன்.

12 பிப்ரவரி

“நிலையத்திலிருந்து வெளியே விடும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதாதா?” போதாது. நீரில் கரைந்த கரிமப் பொருளைத் தின்னப் பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளப்பதுதான் பி.ஓ.டி. சோதனை. 20 டிகிரியில் ஐந்து நாள், நம் வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளப்பார்கள். 2017இல் ஒன்றிய அரசின் அறிவிக்கை பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களுக்கு 30 என்று வரம்பு வைத்தது. தெளிவாகத் தெரியும் நீரில்கூட இது மீறியிருக்கலாம். கிருமிக்கு வேறு சோதனை.

15 பிப்ரவரி

பக்கத்து நகராட்சியில் ஏற்கெனவே கழிவுநீர் நிலையம் இருக்கிறது, எங்கள் லாரியை அங்கே கொட்டக் கூடாதா என்று கேட்டவருக்கு: கொட்டலாம், அளவு தெரிந்து கொட்டவேண்டும். நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் நிலையத்துக்கு வரும் சாதாரணச் சாக்கடையின் பி.ஓ.டி. 250 என்றால், ஒரு நாள் முழுதும் அது தாங்கும் சுமை 250 கிலோ. செப்டிக் டேங்க் கசட்டின் பி.ஓ.டி. 5,000 என்று வைத்தால் 6,000 லிட்டர் லாரி ஒன்றில் 30 கிலோ. ஒரு நாள் சாப்பாட்டில் எட்டில் ஒரு பங்கைப் பதினைந்து நிமிடத்தில் திணிப்பதாகும். நிலையம் திணறும். தனித் தொட்டியில் இறக்கி, இரவு முழுதும் சிறிது சிறிதாக விட்டால் தாங்கும்.

திருச்சியில் லாரிகள் மாநகராட்சியின் நீரேற்று நிலையங்களில் கொட்டுவதற்கு நெடுங்காலமாகவே இடம் உண்டு. அது பஞ்சப்பூரில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய குளத்துக்கு லாரிச் சுமை பொருட்டில்லை.

18 பிப்ரவரி

குளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் கேள்விக்கு என் விடையே அதுதான். உங்கள் வாய்க்கால் ஏரியில் விழும் இடத்துக்கு முன்பு, பேரூராட்சிக்கோ வருவாய்த் துறைக்கோ நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாய்க்காலை மறித்து ஒரு கம்பி வலை, ஒரு ஆழமான குளம், அடுத்து ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பரந்த குளங்கள் இரண்டு. பகலில் பாசி வெயிலைக் கொண்டு ஆக்சிஜன் விடும், பாக்டீரியா அதை எடுத்துக் கழிவைத் தின்னும், கிருமிகள் நாள்கணக்கில் வெயிலில் கிடந்து மடியும், புழு முட்டைகள் அடியில் இறங்கிவிடும். மோட்டார் இல்லை, புளோயர் இல்லை. நம்மூர் வெயிலைக் காட்டிலும் இதற்கு உகந்தது எது?

ஏழை நாட்டு முறை என்று இதைத் தள்ளவேண்டாம். கலிபோர்னியாவில் ஆர்கேட்டா என்ற, உங்கள் ஊரளவே உள்ள ஊர், வட்டாரத்துக்கு எல்லாம் சேர்த்துப் பெரிய நிலையம் கட்டும் திட்டத்தை ஏற்காமல் போராடி, ஆக்சிஜனேற்றக் குளங்களோடு சதுப்பு நிலங்களையும் சேர்த்து 1986 முதல் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து வருகிறது. அங்கே பறவை பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

20 பிப்ரவரி

குளம் பற்றி எழுதியதை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டினேன். வடகிழக்குப் பருவமழையில் நம் தெருச் சாக்கடை மழைநீர் வடிகாலும் ஆகிவிடுகிறது. ஒரே இரவில் வரும் வெள்ளம் குளத்தின் கசடையெல்லாம் வாரிக்கொண்டு ஏரிக்குள் போட்டுவிடும். எனவே கோடைக்கால ஓட்டம் மட்டும் குளத்துக்குத் திரும்பவும், அதற்கு மேல் வருவது கலிங்கில் வழிவதுபோல நேரே போகவும் ஒரு தாழ் சுவர் வேண்டும். செலவு அதிகமில்லை, மதிப்பீட்டில் அதை எழுத வேண்டுமே என்பதுதான் கவலை. நிலமும் சிக்கல்தான். ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே குளம் வெட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஏரியைக் காப்பதற்காக ஏரியிலேயே இடம் எடுத்தால், அடுத்துப் பேருந்து நிலையத்துக்கும் அதே இடத்தைக் கேட்பார்கள்.

20 பிப்ரவரி, இரவு

லாரியில் வருபவர்களைப் பற்றி இத்தனை நாள் ஒருவரும் எழுதவில்லை. இயந்திரம் உறிஞ்சிய பிறகும் அடியில் கெட்டியாக நிற்கும் கசடை எடுக்க, “கொஞ்சம் இறங்கிப் பாரப்பா” என்று வீட்டுக்காரர் சொல்லும் அந்த ஒரு சொல்லில்தான் பலர் செத்திருக்கிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் நிற்கும், ஆக்சிஜன் இருக்காது. ஒருவரைத் தூக்கப் போய் இரண்டாமவரும் விழுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்பது பழைய கணக்கு. அது உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன தொகை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. அடியில் கெட்டியாக நின்றால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சலாம். அதற்குக் கூடுதலாக ஒரு நடை லாரிக் கூலி ஆகும். கொடுங்கள்.

24 பிப்ரவரி

காய்ந்த கசடை உரமாக எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: படுகையிலிருந்து வெட்டியவுடன் எடுக்காதீர்கள். உருண்டைப் புழுவின் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 20 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேல் இருப்பு வைக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். குப்பையோடு சேர்த்து மக்கவைத்துச் சூடேற்றினால் இன்னும் விரைவில் சாகும். தென்னைக்கும் மரப்பயிருக்கும் போடுங்கள். கீரைக்கும், வெங்காயத்துக்கும், பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம்.

1 மார்ச்

கேள்வி கேட்டவர், பகுதி சபைக் கூட்டம் வருகிறது, என்ன கேட்பது என்று எழுதியிருக்கிறார்.

“நிலையம் வேலை செய்கிறதா” என்று கேட்காதீர்கள், “செய்கிறது” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். லாரி வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை லாரி, எந்த வார்டிலிருந்து என்று அதில் இருக்கவேண்டும். ஊரின் கணக்குப்படி மூன்று லாரி வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது என்றால், மற்ற இரண்டும் எங்கோ கொட்டுகின்றன, அல்லது தொட்டிகள் உறிஞ்சப்படவே இல்லை. உரிமம் பெற்ற வண்டிகள் எத்தனை என்று கேளுங்கள். உலர் படுகையிலிருந்து கடைசியாக எப்போது கசடு வெட்டி எடுத்தார்கள் என்று கேளுங்கள். வெட்டாமல் நிரம்பிக் கிடக்கும் படுகையில் புதிய கசடு ஊற்ற இடமிருக்காது. வெளியேறும் நீரின் சோதனை முடிவைத் தேதியோடு கேளுங்கள். அங்கே வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் மாதந்தோறும் வருகிறதா, கையுறையும் காலணியும் தடுப்பூசியும் கொடுத்தார்களா என்பதை அதிகாரியிடம் கேட்பதற்கு முன்பு அவரிடமே போய்க் கேளுங்கள்.

கடைசியாக வாய்க்காலுக்கு வாருங்கள். அதற்கென்று தனியே ஒரு திட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். கசடு நிலையத்தோடு சேர்த்து எழுதினால் “அதுதான் கட்டிவிட்டோமே” என்று கோப்பை மூடிவிடுவார்கள். தீர்மானத்தில் தலைக்கு இத்தனை லிட்டர், நாளுக்கு 11,20,000 லிட்டர் என்ற எண்ணை எழுதுங்கள். நிலம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.